கடல்நீர் யூனிட்டில் ஓர் இடம்

எங்கள் கம்பெனியை மூன்றாகப் பிரிக்கப் போகிறார்கள் என்ற செய்தி முதலில் கேன்டீனுக்குத்தான் வந்தது. மேனேஜர் அறையில் முடிவாகிற எதுவும் கேன்டீனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நோட்டீஸ் போர்டுக்குப் போகும். சாம்பார் ஊற்றுகிற அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, உங்க ஆபீஸெல்லாம் பிச்சுப் போடப் போறாங்களாமே, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாததால் வந்த கோபம் அது. "முதல்ல சாம்பாரை ஊத்துங்க" என்றேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் போகிற சாலையில், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் சவுக்குத் தோப்புமாகக் கிடந்த இடத்தில் எங்கள் பம்பு கம்பெனி இருந்தது. மூன்று வகைப் பம்பு செய்தோம். கிணற்றுக்கு ஒன்று, பெரிய ஆலைகளுக்கு ஒன்று, கடல்நீருக்கு ஒன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரை நெடுகிலும் இறால் குஞ்சு வளர்க்கும் பண்ணைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கு ராப்பகலாகக் கடல்நீரை ஏற்ற வேண்டும். அதனால் கடல்நீர் பம்புக்கு நல்ல கிராக்கி.

நான் பிளானிங்கில் இருந்தேன். ஆர்டர் வந்தால் எந்தப் பம்புக்கு எந்த மோட்டார், உடம்பு எந்த உலோகம், குழாயோடு சேர்கிற தட்டில் எத்தனை துளை, எந்த போல்ட் என்று சொல்கிற வேலை. மூன்று வகைக்கும் நான் ஒருத்திதான். "அந்தம்மாவைக் கேட்டியா?" என்று கேட்காமல் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு போல்ட்கூட நகராது. எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது? வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்க ஆள் கிடையாது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் தூத்துக்குடியில் குடும்பத்தோடு இருந்தான். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். கல்யாணம் கூடிவராமல் போய், வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கேளம்பாக்கத்தில் ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை. சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறி "தள்ளி உக்காருங்க" என்று சொல்கிறபோதுதான் வாயே திறக்கும். முதல் வார்த்தைக்குத் தொண்டை கரகரவென்று இருக்கும்.

எனக்கு அங்கே இருந்த ஒரே ஆள், பம்பை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற டெஸ்டிங் பிரிவுப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சொந்த ஊர் புதுப்பட்டினம்; புருஷன், பிள்ளைகளோடு கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள், அதே கம்பெனி பஸ்தான். அவளுடைய அப்பா அம்மா ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கி, நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். வந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நானும் பதிலுக்கு ஏட்டி என்றேன். முறைத்தாள்.

"இன்னாக்கா, வந்ததும் வராததுமா டி போட்டுக் கூப்புடற?"

"எங்க ஊருல பாசமா இருந்தா ஏட்டிதான்."

"கோவம் வந்தா?"

"அப்பவும் ஏட்டிதான். நீயே பாத்துப் புரிஞ்சுக்கிடணும்."

விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். பண்ணைகளில் புதுப் பம்பு பொருத்தும்போது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம். மணலில் ஜீப் இறங்காது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் நடப்பேன், அவள் கருவிப் பையோடு முன்னால் போவாள். பண்ணைக்காரர்கள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பள ஆளு யாரும் வர்ல?" என்பார்கள். "பின்னாடி நடந்து வந்துகினு கீறாரு, பம்பு ஓட ஆரமிச்சதும் வந்துருவாரு" என்று அவள் பதில் சொல்வாள். பம்பு ஓடும். யாரும் வரமாட்டார்கள்.

இப்படி இருந்தபோதுதான் புது ஜெனரல் மேனேஜர் வந்தார். பம்பாயில் படித்த சின்ன வயது ஆள், நல்ல மனுஷன், குரலை உயர்த்த மாட்டார். எங்களையெல்லாம் கூட்டி, டிரைவருடைய டிபன் கேரியரை மேசையில் வைத்து விளக்கினார். இதுவரைக்கும் நாம் ஒரே அண்டாவில் சமைத்தோம். கொள்முதல் ஒன்று, பிளானிங் ஒன்று, டெஸ்டிங் ஒன்று. ஒரு வகைப் பம்பில் பிரச்சினை என்றால் மூன்றும் நின்று போகிறது. இனிமேல் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு யூனிட். அதற்கான கொள்முதல், பொருத்துதல், டெஸ்டிங் எல்லாம் அதற்குள்ளேயே. ஓர் அடுக்கைக் கழற்றினால் மற்றது சிந்தக் கூடாது. எந்த அடுக்கையும் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், மாற்றலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. "அப்ப அடுக்கையெல்லாம் சேத்துப் பிடிக்கிற கம்பி யாரு சார்?" என்றேன்.

"நீங்கதான் மேடம்" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் புரிந்தது, கம்பி என்றால் எந்த அடுக்கிலும் சேர்த்தி இல்லை என்று. நான், டெலிபோன் ஆபரேட்டர், வாசல் காவலாளி எல்லோரும் "பொது" என்று ஆனோம். அவள் கடல்நீர் யூனிட்டுக்குப் போனாள். யூனிட்டுக்கு யூனிட் சாப்பாட்டு நேரம் வேறு. கேன்டீனில் நெரிசல் குறையட்டுமாம். கடல்நீருக்குப் பன்னிரண்டு மணி, பொதுவுக்கு ஒன்றரை. பெரிய பிளானிங் ஹாலில் மற்ற மேசைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிமென்ட் தரையில் மேசைக்கால்கள் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதற்கு நடுவில் நான்.

அந்த வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரே பூஜை. எந்திரத்துக்கெல்லாம் ஒன்றாகச் சந்தனம், ஒன்றாகப் பூசணிக்காய். அந்த வருஷம் மூன்று யூனிட்டிலும் தனித்தனியாகப் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் டெஸ்டிங் மீட்டருக்குப் பொட்டு வைப்பது அவள்தான். மூன்று இடத்திலும் மணிச்சத்தம் கேட்டது. நான் என் மேசையில் உட்கார்ந்து, யார் முதலில் கூப்பிடுகிறார்கள் பார்ப்போம் என்று இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கிணற்றுப் பம்புக்காரர்கள் நான் ஆலைப் பம்பில் இருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். ஆலைப் பம்புக்காரர்கள் நான் கடல்நீரில் இருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். கடல்நீர்க்காரர்களோ, "அக்காவ மூணு எடத்துலயும் கூப்ட்டிருப்பாங்க, எங்கியாச்சும் நல்ல சுண்டலா பாத்து சாப்ட்டுகினு இருக்கும்" என்று அவள் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். மூன்று யூனிட்டும் கணக்காகப் பொரிப் பொட்டலம் போட்டு, மூன்றிலும் எனக்குப் பொட்டலம் இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் விஷயம் தெரிந்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்ய, நீ வரவேண்டியதுதானக்கா?"

"கூப்பிடாம வர்றதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று கத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவள் பார்க்கக் கூடாது. அன்றைக்கே முடிவு செய்தேன்: கடல்நீர் யூனிட்டில் எனக்கு ஓர் இடம் வேண்டும். அவள் இருக்கிற இடத்தில், ஒரு நாற்காலி.

அடுத்த மாதமே ஒரு வழி வந்தது. மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு பண்ணையில் எங்கள் பம்பு பெயர்ந்து போய், தொட்டியில் தண்ணீர் நின்றுவிட்டது. நாங்கள் போனபோது பண்ணைக்காரர் துருப்பிடித்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா மேடம் இது, சமுத்திரத் தண்ணிக்கு இரும்பு போல்ட்டா? குஞ்சு அத்தினியும் பூட்ச்சு. நீங்கல்லாம் படிச்சவங்கதானா?" என்றார். போல்ட்டை வாங்கிக்கொண்டு வந்து விசாரித்தேன். கடல்நீர் யூனிட்டில் துருப்பிடிக்காத போல்ட் தீர்ந்து, பக்கத்துக் கிணற்றுப் பம்பு யூனிட்டில் கைமாற்றாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கொடுத்தவர்கள், எங்கள் பம்புக்கு அது சரியான போல்ட்தான் என்றார்கள். வாங்கியவர்கள், எங்கள் ஸ்டோரில் இருந்த போல்ட்டெல்லாம் சரிதான் என்றார்கள். இரண்டும் உண்மை. ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்குப் போகிற அந்தப் பத்தடி தூரத்தில் பார்க்க ஆள் இல்லை. முன்பு அந்தப் பத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜெனரல் மேனேஜரிடம் போய் இதைத்தான் சொன்னேன். பழையபடி எல்லாம் என் கைவழியாகப் போகட்டும் என்பார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரிச் சொன்னார். "உங்களைக் கேட்க வேண்டிய அவசியமே வராத மாதிரி செஞ்சு குடுங்க மேடம். உங்களுக்குத் தெரிஞ்சது ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளயும் இருக்கணும்."

"செஞ்சு தரேன். ஆனா முடிஞ்சதும் என்னைக் கடல்நீர் யூனிட்டுல போடணும்."

"நான் திணிக்கக் கூடாது. எனக்கு இந்த ஆள் வேணும்னு யூனிட்தான் கேக்கணும். அதுதானே இந்த ஏற்பாடே. அவங்க கேட்டா அடுத்த நிமிஷம் போட்டுடறேன்."

கேட்காமல் எங்கே போவார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் அவளிடமும் சொன்னேன், வேலை முடிந்ததும் உன் யூனிட்டில்தான் நான் என்று. "வாக்கா, வந்து எங்க உயிர வாங்கு" என்று என் தோளில் இடித்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். மூன்று வகைப் பம்புக்கும் குழாய் சேர்கிற தட்டில் ஒரே மாதிரித் துளை வைத்தேன். எந்தப் பம்பும் எந்தக் குழாயோடும் சேரும், யாரையும் கேட்க வேண்டாம். கடல்நீருக்கான சாமான் எல்லாவற்றுக்கும் நீலப் பெயின்ட் தொட்டு வைக்கச் சொன்னேன். நீலம் இல்லாத போல்ட் கடல்நீர் பம்பைத் தொடக் கூடாது. எந்த மோட்டாருக்கு எந்த அடிச்சட்டம் என்று இரும்புத் தகட்டில் அளவு வெட்டிக் கொடுத்தேன். வைத்துப் பார்த்தால் பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது. செங்கல்பட்டில் எங்களுக்கு வார்ப்பு ஊற்றித் தருகிற பட்டறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், சூடாக வந்த வார்ப்பில் எங்கே ஓட்டை விழும் என்று காட்டினேன். நான் எதைச் சொன்னாலும் அவள் "இன்னாத்துக்கு?" என்று கேட்பாள். காரணம் சொல்லாமல் விடமாட்டாள். நானும் ஒன்று விடாமல் சொன்னேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சந்தோஷமான வருஷம் என்று என் வாழ்க்கையில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். சொல்லிக்கொடுக்கிற சாக்கில் தினமும் அவர்கள் கொட்டகையில்தான் இருந்தேன், பன்னிரண்டு மணிக்கே அவர்களோடு சாப்பிட்டேன். அந்த வருஷத்து ஆயுத பூஜையில் அவள் எனக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தாள்.

இப்போது நான் படூரில் ஒரு சின்ன பிளாட்டில் இருக்கிறேன். பக்கத்து பிளாட் பெண்ணுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. போன வாரம் லிப்டில், "எங்க டீமை வேற வெர்ட்டிகலுக்கு மாத்திட்டாங்க ஆன்ட்டி, யாரையும் தெரியாது" என்று மூக்கை உறிஞ்சினாள். வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். யூனிட்டுக்கு இப்போது வெர்ட்டிகல் என்று பெயர்தான் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், காபிக்குச் சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டேன்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். என் வேலை முடிந்துவிட்டது என்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், போன் அடிக்கவில்லை. முதலில் ஒரு நாள் அடிக்கவில்லை. லைன் கெட்டுவிட்டதோ என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். "லைனெல்லாம் நல்லாத்தான் கீது மேடம்" என்றாள். மூன்று யூனிட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பண்ணைகளிலிருந்து புகார் இல்லை. ஜெனரல் மேனேஜர் என் ஹாலுக்கே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். இதற்கிடையில் கடல்நீர் யூனிட்டின் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போக, அந்த இடத்தில் அவளையே போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி என்ன, யூனிட் கேட்க வேண்டும் என்றால் அவள்தானே கேட்க வேண்டும்! இன்று கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று நானும் இருந்தேன். ஆர்டர் நெருக்கடியில் ஓடிக்கொண்டிருந்தாள்; நானாகப் போய் நினைவுபடுத்த எனக்கு ரோஷம் விடவில்லை.

அப்போதுதான், கடல்நீர் யூனிட்டை ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று விலைக்குக் கேட்கிறது என்று கேன்டீனில் செய்தி வந்தது. ஆட்களோடு, எந்திரங்களோடு, முழு யூனிட்டாக. மற்ற இரண்டில் ஒன்றைக் கேட்கக் கூடாதா என்று சாம்பார் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவளுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் தெரியும். அந்த யூனிட்டுக்குத்தான் நான் ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதை வாங்கினால் அடுத்த நாளே பம்பு செய்யலாம், எங்கள் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். வாங்க வருகிறவன் அதைத்தானே வாங்குவான்.

வாங்குகிற கம்பெனியிலிருந்து வயதான ஒருவர் வந்தார், தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார். டெஸ்டிங் கொட்டகையில் ஒரு பம்பை ஓடவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார். வெளியூர் மோட்டார் வந்தால் என்ன செய்வீர்கள்? சொன்னாள். போல்ட் தீர்ந்தால்? சொன்னாள். வார்ப்பில் ஓட்டை இருந்தால்? நான் செங்கல்பட்டில் கைநீட்டிக் காட்டிய மாதிரியே கைநீட்டிக் காட்டிச் சொன்னாள். காரணத்தையும் சேர்த்துச் சொன்னாள். அவருக்குப் பரம திருப்தி.

பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜெனரல் மேனேஜர் அவளிடம் கேட்டார். "யூனிட்டோட எல்லாரும் போறீங்க. அது போக, பொதுவிலிருந்து யாராவது வேணுமா? இன்னிக்குச் சொன்னாத்தான் சேக்க முடியும்."

கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அவர் சொன்ன சொல்லை மறக்கவில்லை, பாவம். நெல்லூர் என்ன, அதற்கு அப்பாலும் போயிருப்பேன். கேளம்பாக்கத்து ஒற்றை அறையில் எனக்கு என்ன வைத்திருந்தது? பெட்டியைக் கட்ட ஒரு சாயங்காலம் போதும்.

அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"யாரும் வேணாம் சார். எங்க யூனிட்டு முழுசா கீது."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்து, கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகில் அவளைப் பிடித்தேன். அவள் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் நின்றாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏட்டி, என்னைக் கேட்டிருக்கலாம்லா?"

"கேக்கணும்னுதாங்கா வாயத் தொறந்தேன். இன்னா வேலைக்குன்னு அந்த ஆளு கேப்பாரே, இன்னா சொல்றது?"

"எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"எதச் சொல்றது? மோட்டாருன்னா எனக்குத் தெரியும். போல்ட்டுன்னா பசங்களுக்கே தெரியும். ஒண்ணையும் நீ பாக்கி வெக்கலியேக்கா." கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா கூட இருந்தா நல்லா இருக்கும், அதனால வேணும்னு அவராண்ட சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாதுதான் என்று அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் புருஷன், பிள்ளைகளோடு நெல்லூருக்குப் போனாள். நல்லபடியாக இருக்கிறாள், கொஞ்ச நாள் போன் பேசினோம், பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். பொய். இருக்கிறது. அன்றைக்கு அவள், அக்கா கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தால் அந்த நெல்லூர்க்காரர் சிரித்திருப்பார், என்னைச் சேர்த்திருக்கவும் மாட்டார், எல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கொட்டகையில் நானும் நின்றுகொண்டிருந்தேன். என் காதில் விழுந்திருக்கும்.